பயிற்சி டயரியின் பின்பக்கத்தில் எழுதிய கவிதைகளைச் சார் படித்துவிட்டார்

நாலாவது_லேன் | புதன், இரவு 9.20

வணக்கம். எனக்கு 17 வயது. விளையாட்டு விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறேன். 400 மீட்டர் ஓடுகிறேன், தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள். காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அக்காவின் போனிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் விடுதியில் ஒவ்வொருவரும் பயிற்சி டயரி வைத்திருக்க வேண்டும். காலை எழுந்ததும் நாடித்துடிப்பு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினோம், அன்று என்ன ஓடினோம், எங்கே வலி என்று தினமும் குறிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் சார் வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போடுவார். நான் அதே டயரியைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து கவிதை எழுதி வந்தேன். தனி நோட்டு வைத்திருந்தால் அறையில் யாராவது எடுத்துப் படிப்பார்கள். டயரியை யாரும் தொடமாட்டார்கள், சாரும் முன்பக்கம் மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். இரண்டு பக்கமிருந்தும் எழுதிக்கொண்டே வந்ததில் போன வாரம் இரண்டும் நடுவில் சந்தித்துவிட்டன. இடது பக்கம் "200 மீட்டர் 6 தடவை, நடுவில் 3 நிமிடம் ஓய்வு". வலது பக்கம் தலைகீழாக ஒரு கவிதை.

சார் டயரியைத் திருப்பிப் பிடித்து எல்லாவற்றையும் படித்துவிட்டார். சத்தம் போடவில்லை. "58.4 நொடியில் ஓடிய பெண் 59.6க்கு ஏன் போனாள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், இப்போது புரிகிறது" என்று மட்டும் சொன்னார். டயரியைத் திருப்பித் தரவில்லை. திங்கட்கிழமை அம்மாவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

கவிதைகளில் பாதி ஓட்டத்தைப் பற்றியவை. மீதி, அதே மைதானத்தில் மாலையில் நீளம் தாண்டும் ஒருவனைப் பற்றியவை. அவனுக்கும் 17தான், வேறு பள்ளி. மொத்தம் ஆறேழு முறை பேசியிருப்போம். ஒருநாள், ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றும் என் ஸ்டார்ட்டிங் பிளாக்கின் ஆணி தரையில் இறங்கவில்லை. வந்து காலால் ஓங்கி மிதித்துக் கொடுத்துவிட்டு, "இப்போது நகராது" என்று சொல்லிவிட்டுப் போனான். இதைக் காதல் என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அம்மாவிடம் நானே முதலில் சொல்லிவிடவா? எழுதுவதை நிறுத்திவிட்டால் என் நேரம் திரும்பி வருமா? மாநிலப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

நினைவிலிருந்து இரண்டு கவிதைகள்:

முந்நூறாவது மீட்டரில்
கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிடுகின்றன.
மீதி நூறையும்
ஓடிக் கொடுப்பவை
கடன் வாங்கிய கால்கள்.

இன்னொன்று:

நீ விழுந்த பள்ளத்தை
அளந்து முடித்ததும்
மணலை நிரவிவிடுகிறார்கள்.
அங்கே யாரும் தாண்டவில்லை என்பதுபோல்
கிடக்கிறது மணல்.
நான் மட்டும்
இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன்.

---

நெறியாளர் | புதன், இரவு 9.45

தங்கையின் வயதைக் கருதி, இந்த இழையில் யாரும் அவருக்குத் தனிமடல் அனுப்ப முடியாதபடி அடைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை எல்லோரும் பார்க்கும்படி இங்கேயே சொல்லுங்கள். தங்கையே, விடுதியின் பெயர், ஊர், அந்தப் பையனின் பெயர், சாரின் பெயர் எதையும் எழுத வேண்டாம்.

---

தாண்டுகுழி | புதன், இரவு 10.10

நான் 22 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியர். உங்கள் சாரின் இடத்தில் நின்று ஒன்று சொல்லியாக வேண்டும்.

அவர் கவிதைக்குப் பயப்படவில்லை அம்மா. உன்னை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் என் மைதானத்திலிருந்து ஒன்றிரண்டு பெண்கள் காணாமல் போவார்கள். காலில் காயம் இருக்காது, திறமையில் குறை இருக்காது. ஊரில் யாரோ எதையோ பேசியிருப்பார்கள், மறுநாள் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு கிளம்பினால், அவள் மட்டுமில்லை, அதே தெருவிலிருந்து வரும் இன்னும் மூன்று பெண்களும் நின்றுவிடுவார்கள். வெளியிலிருந்து கேள்விப்படுவதற்கு முன்னால் தாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஐந்து வாரம் பொறுத்துக்கொள். பேனாவை மூடி வை. போட்டி முடியட்டும். பிளஸ் டூ தேர்வும் முடியட்டும். கவிதை எங்கும் ஓடிவிடாது.

---

பழைய_ஸ்பைக்ஸ் | புதன், இரவு 11.35

தாண்டுகுழி ஐயா, நீங்கள் சொல்லும் காணாமல் போன பெண்களில் நானும் ஒருத்தி. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991. எனக்கும் 17. நானும் 400 மீட்டர். 1984இல் லாஸ் ஏஞ்சலீஸில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்ட கதையைக் கேட்டுக் கேட்டு ஓட வந்த தலைமுறை நாங்கள். என் பையில் ஒரு கடிதம் இருந்தது. அது என்னுடையதுகூட இல்லை, என் தோழிக்கு யாரோ எழுதியது, மறைத்து வைக்கத் தந்திருந்தாள். அது வீட்டில் கிடைத்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் மைதானம் முடிந்தது, 19இல் கல்யாணம். என் ஸ்பைக்ஸை, அந்த ஆணி வைத்த ஓட்டக் காலணியை, தினத்தாளில் சுற்றிப் பரணில் போட்டேன். போன ஆண்டு வீடு மாறும்போது எடுத்துப் பார்த்தேன். ஆணிகள் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் தாள் கிழிகிறது.

தங்கையே, முதல் கேள்விக்கு என் பதில்: சொல். இன்றே சொல். உன் வாயால் போனால் அது உன் கதை. சார் வாயால் போனால் அது புகார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் முன் எனக்கு ஒரு கணக்கு வேண்டும். 58.4 ஓடிய அன்று முதல் 200 எத்தனை நொடி? 59.6 ஓடிய அன்று எத்தனை? டயரி கையில் இல்லையென்றாலும் உனக்கு நினைவிருக்கும். 400 ஓடுகிறவர்களுக்கு அது மறக்காது.

---

நாலாவது_லேன் | வியாழன், காலை 6.05

நினைவிருக்கிறது அக்கா. ஜனவரியில் 58.4 ஓடியபோது முதல் பாதி 28.0. மாவட்டப் போட்டியில் 59.6 ஓடியபோது 26.9.

---

பழைய_ஸ்பைக்ஸ் | வியாழன், காலை 6.30

அப்படியென்றால் ஜனவரியில் பின்பாதி 30.4. மாவட்டத்தில் 32.7. முன்பாதியில் 1.1 நொடி மிச்சம் பிடித்துப் பின்பாதியில் 2.3 நொடியைத் தொலைத்திருக்கிறாய். 400 மீட்டரில் இது கந்துவட்டிக் கணக்கு. முதல் 200இல் அளவுக்கு மீறி அள்ளிச் செலவழித்தால், காலில் அமிலம் முன்கூட்டியே ஏறிவிடும். கடைசி நூறில் முட்டி உயராது, கை தோளோடு சேர்ந்து இறுகிவிடும், வாய் திறந்துவிடும்.

உன் சார் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, பெண் பயிற்சியில் சோம்பிவிட்டாள் என்று நினைத்திருப்பார். ஆனால் சோம்பிய கால் 26.9 ஓடாது.

இன்னொரு கேள்வி. அந்த மைதானத்தில் நீளம் தாண்டும் மணல்குழி எந்தப் பக்கம் இருக்கிறது?

---

நாலாவது_லேன் | வியாழன், காலை 6.50

பின் நேர்பாதையின் ஓரத்தில், முதல் வளைவு முடிந்ததும் வரும் நேர்பாதை. 170 மீட்டர் வாக்கில் அதைக் கடப்பேன். மாவட்டப் போட்டியும் அங்கேதான் நடந்தது. ஜனவரிப் போட்டி வேறு ஊரில்.

அக்கா, எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது. அந்த இடத்தில் நான் வேகத்தைக் கூட்டுகிறேன். பயிற்சியிலும்தான். நான் கடக்கும்போது அவன் பார்ப்பானோ என்று.

---

பழைய_ஸ்பைக்ஸ் | வியாழன், காலை 7.15

இதைத்தான் தேடினேன். வெட்கப்படாதே. கேலரியில் அப்பா உட்கார்ந்திருந்தால் அந்த வளைவில் நானும் பறப்பேன்.

உன் முதல் கவிதையை மறுபடியும் படித்துப் பார். கடன் வாங்கிய கால்கள் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். முன்பக்கத்தில் "200 மீட்டர் 6 தடவை" என்று எழுதிய பெண்ணுக்குத் தெரியாத காரணம், பின்பக்கத்தில் எழுதிய பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நேரம் கூடியதற்குக் கவிதை காரணமில்லை. கவிதையில்தான் காரணமே இருக்கிறது. அதை நிறுத்தினால் நீ 170ஆவது மீட்டரில் பறப்பது நிற்காது. ஏன் பறக்கிறாய் என்பது உனக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

---

கீழைக்காற்று | வியாழன், மாலை 5.40

நான் ஓடுகிறவனில்லை, கிரேக்க இலக்கியம் படிக்கிறவன். ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிண்டார் என்ற கிரேக்கக் கவி, போட்டிகளில் வென்றவர்களைப் பாடியவர். அவருடைய பாடல்களில் மிகப் பழையது என்று கருதப்படுவது கி.மு. 498இல் எழுதியது. அப்போது அவருக்கே வயது 20 ஒட்டித்தான். யாரைப் பாடினார் தெரியுமா? டெல்ஃபியில் நடந்த பிதியப் போட்டியில், சிறுவர்களுக்கான இரட்டை ஓட்டத்தில் வென்ற ஹிப்போக்ளியாஸ் என்ற பையனை. இரட்டை ஓட்டம் என்றால் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்பி வருவது. ஒலிம்பியா மைதானத்தின் அளவில் பார்த்தால் சுமார் 385 மீட்டர். உங்கள் 400 மீட்டர்தான் தங்கையே. அந்தப் பாடலின் கடைசியில், இந்தப் பாட்டால் அந்தப் பையன் தன் வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இன்னும் அழகாகத் தெரிவான், இளம்பெண்களின் மனத்திலும் இடம்பிடிப்பான் என்று வருகிறது. ஓட்டம், கவிதை, இளவயது ஈர்ப்பு மூன்றும் ஒரே பாட்டில், கிட்டத்தட்ட 2,500 ஆண்டுகளுக்கு முன்பு.

இன்னொன்றும் உங்கள் சாருக்குச் சொல்லலாம். 1912 ஸ்டாக்ஹோம் முதல் 1948 லண்டன் வரை ஒலிம்பிக்கில் கவிதைக்கும் பதக்கம் இருந்தது. இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம், கட்டடக்கலை என ஐந்து பிரிவுகள். 1912இல் இலக்கியத்தில் தங்கம் வாங்கியது விளையாட்டைப் பற்றிய ஒரு கவிதை. புனைபெயரில் வந்த அதை எழுதியவர் பியர் தெ கூபர்த்தான், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்தவரேதான். ஹங்கேரியின் ஆல்பிரட் ஹாயோஷ் 1896இல் 18 வயதில் நீச்சலில் இரண்டு தங்கம் வென்றார். 1924இல் கட்டடக்கலையில் வெள்ளி வாங்கினார். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்பதை ஒலிம்பிக் மேடையே ஒருகாலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது.

---

உறையூர்_ஆசிரியை | வியாழன், இரவு 8.55

கிரேக்கம் வரை போவானேன், எங்கள் ஊருக்கு வாருங்கள்.

புறநானூற்றில் 83, 84, 85 என்று அடுத்தடுத்து மூன்று பாடல்கள். மூன்றும் மிகச் சிறியவை. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். கோழி என்பது உறையூரின் பழைய பெயர். இன்று திருச்சிக்குள் இருக்கும் அதே உறையூர். நாய்கன் என்றால் வணிகன். ஒரு வணிகர் வீட்டுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனத்தைப் பறிகொடுத்தது ஒரு மற்போர் வீரனிடம், போரவைக் கோப்பெருநற்கிள்ளி. சோழ இளவரசன். தந்தை தித்தனோடு மனம் ஒவ்வாமல் வெளியேறி, ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்றவன்.

83ஆம் பாட்டை இந்தப் பெண்ணின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். "யாய் அஞ்சுவலே" என்கிறார் நக்கண்ணையார். ஏக்கத்தில் கை மெலிந்து என் வளை கழல்வதைப் பார்த்துவிடுவாளோ என்று தாய்க்குப் பயப்படுகிறேன். அடுத்து "அவை நாணுவலே". கூடியிருக்கும் ஊராரை எண்ணி நாணுகிறேன். தாய்க்கு அச்சம், அவைக்கு நாணம். திங்கட்கிழமை அம்மாவும் சாரும் எதிரெதிரே உட்காரப்போகும் அந்த அறையில் இந்தப் பெண்ணுக்கு இருக்கப்போவதும் இவை இரண்டும்தான். பாட்டின் முடிவில் ஊரைப் பார்த்து, ஒரு பக்கமும் நிற்காமல் இரண்டு பக்கமும் சாயும் இந்த ஊரும் என்னைப் போலவே நடுங்கட்டும் என்கிறார். எத்தனை துணிச்சல்!

எனக்கு உயிரான பாட்டு 85. அவன் இந்த ஊர்க்காரனும் இல்லை, இந்த நாட்டுக்காரனும் இல்லை. அதனால் பார்க்க வந்தவர்களில் ஒரு சாரார் "ஆடு, ஆடு" என்கிறார்கள், ஒரு சாரார் "ஆடு அன்று" என்கிறார்கள். இங்கே ஆடு என்றால் வெற்றி. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவர் என்ன செய்தார் தெரியுமா? "அஞ்சிலம்பு ஒலிப்ப ஓடி" என்கிறார். சிலம்பு ஒலிக்க ஓடினார்! ஓடிப்போய், தன் வீட்டில் நின்ற முழவு போன்ற அடிமரம் கொண்ட பனையில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைக் கண்டேன் என்று முடிக்கிறார். வீரன் களத்தில் இருக்கிறான். ஆனால் அந்தப் பாட்டில் ஓடுவது கவிஞர்தான்.

வகுப்பில் இதை நடத்தும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். இனி நடத்தும்போது, மைதானத்தில் ஓடிக்கொண்டே எழுதுகிற ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்வேன். உன் மணல் கவிதையில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றமாட்டேன் அம்மா.

---

மகளின்_அப்பா | வெள்ளி, அதிகாலை 1.15

இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன்.

என் மகள் கூடைப்பந்து ஆடினாள். அவள் 16 வயதில் எழுதி வைத்திருந்த ஒரு நோட்டை நான் எடுத்துப் படித்து, அவள் முன்னாலேயே கிழித்தேன். அதில் தவறாக எதுவும் இல்லை. ஒரு பையனின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். அவள் அழவில்லை. கீழே விழுந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பெருக்கவும் செய்தாள். அன்று அவள் தரையைப் பெருக்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓர் எழுத்துகூட எங்கும் தங்கிவிடக் கூடாது என்பதுபோல் கட்டிலுக்கு அடியிலும் கைவிட்டுப் பெருக்கினாள்.

ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை நான். அவளே விட்டுவிட்டாள். இப்போது 26 வயது. நல்ல வேலையில் இருக்கிறாள். நான் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். தானாக எதுவும் சொல்லமாட்டாள்.

உன் அம்மா திட்டினாலும் திட்டட்டும் அம்மா. ஆனால் சொல்லிவிடு. பெற்றவர்களுக்கு ஒரு வாய்ப்பாவது கொடு.

---

வாய்தா | வெள்ளி, காலை 10.20

வழக்கறிஞர் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருவருமே குழந்தைகள்தான். இருவரின் விருப்பம் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. மைதானத்தில் நாலு பேர் முன்னால் பேசிக்கொள்வதும் கவிதை எழுதுவதும் குற்றமில்லை. ஆனால் வீட்டில் பகை மூண்டால் பெரும்பாலும் அந்தப் பையன் மீதுதான் புகார் போகும். அவனுக்காகவும் இதைப் பெரியவர்களுக்குத் தெரிந்தே வைத்துக்கொள்வது நல்லது. படம் அனுப்புவது, தனியாகச் சந்திப்பது எதுவும் வேண்டாம்.

---

தாண்டுகுழி | வெள்ளி, இரவு 9.30

நேற்று முழுவதும் இந்த இழையை மறுபடியும் மறுபடியும் படித்தேன். பேனாவை மூடி வை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மாவைக் கூப்பிட்டது சரி என்பதில் மாற்றமில்லை.

பழைய ஸ்பைக்ஸ் அவர்கள் செய்த கணக்கை நான் என் பிள்ளைகளுக்குச் செய்ததில்லை. நேரம் கூடினால் "கவனம் எங்கே இருக்கிறது" என்று கேட்டிருக்கிறேன். அந்தக் கவனம் 170ஆவது மீட்டரில் இருக்கிறது என்று ஒரு பெண் இடம் குறித்துச் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

நான் நீளம் தாண்டியவன். அந்தப் பையனின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு அடிக் கணக்கு உண்டு. ஓட்டப்பாதையில் பதினெட்டோ இருபதோ அடி எண்ணி ஓடிவந்து, 20 சென்டிமீட்டர் அகலப் பலகையில் பாதம் விழ வேண்டும். முனை தாண்டினால் ஃபவுல். எண்ணும்போது ஒருத்தி ஓடுவது கண்ணில் பட்டால், அடி ஒன்று கூடும் அல்லது குறையும். அவனுக்கும் சமீபத்தில் ஃபவுல் அதிகம் விழுகிறதா என்று அவன் பயிற்சியாளரைக் கேட்டால் தெரியும். இழப்பு உனக்கு மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை சாரிடம் கவிதையைப் பற்றிப் பேச்சை எடுக்காதே. 28.0, 26.9 என்ற இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. எண்ணை அவர் படிப்பார். படித்துவிட்டு அவரே அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

---

நாலாவது_லேன் | ஞாயிறு, இரவு 8.40

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, டயரி, சார், திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பிளாக்கை மிதித்துக் கொடுத்தது வரை சொன்னேன். அம்மா நிமிரவே இல்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய், பீரோவிலிருந்து என் போட்டி பனியனை எடுத்து வந்தார்.

மாவட்டப் போட்டியில் செஸ்ட் நம்பரின் பின்பக்கத்தில் ஜெல் பேனாவால் அந்த மணல் கவிதையை எழுதி, நான்கு ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டு ஓடியிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். வியர்வையில் மை ஊறி, பனியனின் நெஞ்சுப் பக்கத்தில் எழுத்து இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. அம்மா மூன்று முறை துவைத்திருக்கிறார். போகவில்லை. எந்நேரமும் துணியைப் புறம் திருப்பிப் போட்டே பார்த்துப் பழகிய கண். கண்ணாடிக்கு முன்னால் பிடித்து எல்லா வரியையும் படித்திருக்கிறார். ஒரு மாதமாகத் தெரியும்.

"நீயாகச் சொல்வாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். பிறகு கொஞ்சம் அழுதார், நானும் அழுதேன். பிறகு திட்டவும் செய்தார், நிறைய. அப்பாவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார். பிளஸ் டூ முடியும் வரை மைதானத்துக்கு வெளியே பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சத்தியம் செய்துவிட்டேன். கடைசியில், "அளந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது தையல்காரி பெண்தான் என்று நினைத்தேன்" என்றார்.

நாளை காலை பஸ். அம்மாவும் வருகிறார். எண்களை எழுதி வைத்திருக்கிறேன். விடுதியில் போன் கிடையாது. உங்கள் எல்லோருக்கும் நன்றி. நக்கண்ணையார் பாட்டு மூன்றையும் அக்கா தாளில் எழுதித் தந்திருக்கிறாள்.

---

மகளின்_அப்பா | ஞாயிறு, இரவு 9.05

உன் அம்மா ஒரு மாதம் பொறுத்திருந்திருக்கிறார். நான் ஒரு நிமிடம் பொறுக்கவில்லை.

இன்று மகளுக்குப் போன் செய்து அந்த நோட்டைப் பற்றிப் பேசினேன். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்தப் பையன் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது அப்பா, நோட்டின் அட்டைதான் நினைவிருக்கிறது" என்றாள். பச்சை அட்டையாம்.

---

நாலாவது_லேன் | ஐந்து வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 4.30

வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் சார். தாளில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். அம்மா முன்னாலேயே ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு, "வா" என்று மைதானத்துக்கு அழைத்துப் போய்விட்டார். 150இலும் 200இலும் விசில் வைத்து ஓட வைத்தார். மூன்று வாரம் அதேதான், விசில் விசில் விசில். கவிதையைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் டயரியைத் திருப்பித் தந்துவிட்டார். எதையும் கிழிக்கவில்லை. இரண்டும் சந்தித்த அந்தப் பக்கத்தில் வழக்கம்போல் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது எனக்குத் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. அம்மா அதற்குத் துணியில் உறை தைத்துக் கொடுத்தார்.

அவனிடம் பேசினேன், எல்லோரும் இருக்கும்போதே. பிளஸ் டூ முடியும்வரை எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். "சரி" என்றான். உடனே சரி என்றது கொஞ்சம் வலித்தது. மாவட்டப் போட்டி செஸ்ட் நம்பரை அவனிடம் கொடுத்தேன். அடுத்த நாள் வந்து, "எனக்குக் கவிதையெல்லாம் வராது, ஆனால் மணலை நிரவும்போது இனிமேல் பார்ப்பேன்" என்றான். தாண்டுகுழி ஐயா சொன்னது சரிதான், மாவட்டத்தில் அவனுக்கு மூன்று ஃபவுல்.

மாநிலப் போட்டியில் 57.9. என் வாழ்நாளில் இதுதான் சிறந்த நேரம். நான்காவது இடம். பதக்கம் இல்லை. மூன்றாவது வந்த பெண் என்னைவிட ஒரு தோள் அகலம் முன்னால் இருந்தாள். இரவு பஸ்ஸில் அழுதேன்.

---

உறையூர்_ஆசிரியை | ஞாயிறு, மாலை 5.10

57.9! "ஆடு, ஆடு" என்று நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்று சொல்கிறோம் அம்மா.

---

பழைய_ஸ்பைக்ஸ் | ஞாயிறு, மாலை 5.25

நான்காவது இடம் இருக்கட்டும். முதல் 200 எவ்வளவு?

---

நாலாவது_லேன் | ஞாயிறு, மாலை 5.27

28.1 அக்கா.

---

பழைய_ஸ்பைக்ஸ் | ஞாயிறு, மாலை 5.28

அங்கேயும் குழி பின் நேர்பாதையில்தானே? பார்த்தாயா?

---

நாலாவது_லேன் | ஞாயிறு, மாலை 5.31

பார்த்தேன். அப்போது யாரும் தாண்டவில்லை. ஒருவர் மணலை நிரவிக்கொண்டிருந்தார்.